ஆறும் காற்றும்



நொய்யலில் சாயம் ஓடியதை நாம் எல்லோரும் கண்ணால் பார்த்தோம். பாசனத்துக்காக 1992-இல் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கீழ்ப்பகுதி விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. அதன்பிறகே கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை இங்கே நிலைபெற்றது.

காற்றில் கலக்கும் நஞ்சு அப்படிக் கண்ணில் படாது. விறகு பாய்லர், லாரி, ஜெனரேட்டர் புகையில் உள்ள 2.5 மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் நுரையீரல் வழியே ரத்தத்தில் கலக்கின்றன. மூளையின் ரத்தக்குழாய்களையும் கெடுக்கின்றன. 'லான்செட்' மருத்துவ இதழின் ஆணையம் 2017-இல் மறதி நோய்க்கு நாம் குறைக்கக்கூடிய 9 காரணிகளைச் சொன்னபோது அதில் காற்று மாசு இல்லை. 2020-இல் பட்டியல் 12 ஆனது. காற்று மாசும் சேர்ந்தது.

ஒருவருடைய மறதிக்குப் புகைதான் காரணம் என்று விரல் நீட்ட முடியாது. ஆனால் ஆபத்தைக் கூட்டுகிறது.

என்னிடம் படித்தவர்களில் பட்டறை நடத்துபவர்கள் உண்டு. கண்ணுகளா, பாய்லர் புகைபோக்கியின் வடிகட்டியைப் பழுதில்லாமல் வைத்திருங்கள். குப்பையையும் கழிவுத்துணியையும் எரிக்காதீர்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பது உங்கள் தொழிலாளிகளும் உங்கள் வீட்டுப் பெரியவர்களும்தான். ஆற்றுக்கு நீதிமன்றம் வரவேண்டியிருந்தது. காற்றுக்கும் அதுவரை காத்திருக்க வேண்டாம்.