பப்பாளி (வட சிலாங்கூர் வீட்டுத் தோட்டம்)

குளிர்காலமே இல்லாத, கோலசிலாங்கூர் வட்டாரத்துப் புக்கிட் ரோத்தானில் ஆப்பிள் காய்க்காது. தோட்டத் தொழிலாளர் லயன் வீடுகளின் பின்புறத்தில் அந்த இடத்தைப் பிடித்தது பப்பாளி. நட்ட ஒன்பது, பத்து மாதத்தில் பழம் கிடைக்கும். மலேசிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான மார்டி 1987இல் வெளியிட்ட எக்ஸோதிக்கா வகை, சுபாங் 6, சன்ரைஸ் சோலோ ஆகிய இரண்டின் கலப்பு. இனிப்பில் அதற்கு ஈடு அரிது. ஆனால் நோயைத் தாங்காது.

கொடியது நுனிக்கருகல். எர்வினியா மல்லோத்திவோரா என்ற பாக்டீரியாவால் வருவது. 2003 வாக்கில் ஜொகூரில் தலைகாட்டிப் பரவியது. இலைக்காம்பில் நீர் ஊறியது போன்ற கரும்பச்சைத் திட்டு தோன்றும், குருத்து அழுகிச் சாயும், மரம் பட்டுப்போகும். மருந்தை நம்பிக் காத்திருப்பது வீண். பாதித்த மரத்தை உடனே வெட்டிப் புதைத்து, கத்தியைக் கிருமிநீக்கம் செய்ய வேண்டும்.

பப்பாளியைத் தாக்கும் மற்றொரு நோயான வளையப்புள்ளி வைரஸைத் தாங்கும், மரபணு மாற்றிய ரெயின்போ வகை ஹவாயில் 1998இல் வந்தது. அது நுனிக்கருகலைத் தடுக்காது. இந்நோயைத் தாங்கும் வகைகளுக்கான முயற்சி மலேசியாவில் தொடர்கிறது.

கோலசிலாங்கூர் வட்டாரக் களிமண்ணில் நீர் தேங்கினால் வேர் அழுகும். ஆதலால் மேடு கட்டி நட வேண்டும். குழிக்கு மூன்று கன்று வைத்து, பூத்ததும் இருபால் பூ உள்ளதை மட்டும் விட்டுவைப்பது நல்லது. பெண்மரப் பழம் உருண்டையாகவும் சதை குறைந்தும் இருக்கும்.