கோட்டின் உட்புறம்

கோட்டைக் காண்போர் அனைவரும் அதன் வெளிப்புறத்தையே காண்கின்றனர். தோள் எடுப்பாக நிற்கிறதா, மார்பு சுருக்கமின்றி விழுகிறதா, பொத்தான் பளபளக்கிறதா, இவ்வளவே அவர்தம் ஆராய்ச்சி. உட்புறத்தைக் காண்பவன் ஒருவனே உண்டு. அவன் தையற்காரன், அதிலும், பழைய கோட்டைப் பிரித்துப் புது உள்துணி வைத்துத் தருபவன்.

வகுப்பறையிலே இங்கிலாந்து வரலாறு நடத்தும் நாம், மன்னர் பெயர்களையும் போர்களின் ஆண்டுகளையும் மாணவரை ஒப்பிக்கச் சொல்கிறோம். 1666-ல் இரண்டாம் சார்லசு மன்னர் தம் அவையோர்க்குப் புதுவகை உடை ஒன்றைப் புகுத்தினார். பெப்பீசு தம் நாட்குறிப்பிலே அதைக் குறித்து வைத்தார். கோட்டும் உட்கோட்டும் கால்சட்டையுமாகப் பின்னாளில் அமைந்த ஆடவர் உடைக்கு அதுவே தோற்றுவாய் என்பர். நன்று! மன்னன் உடுத்தியது ஏட்டில் ஏறிற்று. தைத்தவன் எந்த ஏட்டில் ஏறினான்?

அவன் ஏறிய ஏடு ஒன்று உண்டு. அதுதான் கோட்டின் உட்புறம். லைனிங் என்று நம் தையற்கடைகளில் வழங்கும் அந்த உள்துணியைப் பிரித்தால், எழுத்தில்லாத அந்த ஏடு விரியும்.

நல்ல கம்பளித் துணி தலைமுறை கடந்து நிற்கும், உள்துணி நிற்பதில்லை. வியர்வை பட்டு அக்குளில் முதலிற் கிழியும். அடுத்துச் சட்டைப்பை ஓரத்திலும், பிடரியின் கீழும் கிழியும். பழுது பார்ப்பவன் பழைய உள்துணியைத் தையல் தையலாகப் பிரிக்கிறான். துண்டுகளைத் தேய்த்து விரித்து, அவற்றையே அளவாக வைத்துப் புதுத்துணி வெட்டுகிறான். முதுகின் நடுவே ஒரு மடிப்பு விடுகிறான். கையை முன்னே நீட்டும்போது துணி இழுபட்டுக் கிழியாதிருக்க அந்த மடிப்பு வேண்டும். கைக்குழியைச் சுற்றி உள்துணியைக் கைத்தையலால் பொருத்துகிறான்.

அவ்வாறு பிரிக்கும்போதுதான் பழந்தொழிலாளியின் கை தெரிகிறது. மார்புக்கும் கம்பளிக்கும் இடையே நாரும் குதிரைமயிரும் கலந்து நெய்த கேன்வாஸ். அதைத் துணியோடு பிணைக்கும் சாய்வான சிறு தையல்கள் நூற்றுக்கணக்கில். வெளியே ஒன்றும் தெரியாது. ஆனால் மார்மடிப்பு உருண்டு திரும்புவது அவற்றால்தான். பக்கத் தையலிலும் முதுகுத் தையலிலும் கூடுதல் துணி மடித்து விடப்பட்டிருக்கும். உடல் பருத்தால் பிரித்துவிட ஆகும் என்று தைத்தவன் அன்றே எண்ணினான்! இடுப்பைக் குறுக்கலாம், கையைச் சுருக்கலாம். தோளைத் தொடாதே என்பது தொழிலறிந்தார் எச்சரிக்கை. தோளை மாற்றினால் கழுத்தும் கையும் குலையும்.

உட்பைக்குள்ளே ஒரு சீட்டு தைத்திருக்கும். கடையின் பெயர் இருக்கும்; வாங்கிய சீமானின் பெயரும், நாளும் இருக்கும். வெட்டியவன், கோட்டைத் தைத்தவன், காஜா எடுத்தவள், தேய்த்தவன், இவர்களுள் ஒருவர் பெயரும் இராது. இலண்டன் சாவில் ரோவில் ஹென்றி பூல் கடை 1846-ல் வாசல் திறந்தது என்று அறிகிறோம். அந்நாளில் அந்நகரத் தையலாளர் எப்படி வாழ்ந்தனர் என்று எத்துணைப் பேர் அறிவோம்?

1834-ல் இலண்டன் தையலாளர் வேலைநிறுத்தம் செய்தனர், தோற்றனர். அதன்பின் வேலை பட்டறையை விட்டு வீடுகளுக்குள் பரவிற்று. இடைத்தரகன் நுழைந்தான். கூலி அறுந்தது, பெண்டிரும் பிள்ளைகளும் இரவெல்லாம் ஊசி பிடித்தனர். 1849-லும் அடுத்த ஆண்டிலும் ஹென்றி மேஹ்யூ அவர்களிடம் நேரிற் சென்று கேட்டு, 'மார்னிங் கிரானிக்கிள்' ஏட்டில் அவர்தம் துயரை எழுதினார். 1850-ல் சார்லசு கிங்ஸ்லி, மலிவு உடைகளின் இழிவைச் சாடி ஒரு துண்டுநூல் வெளியிட்டார். தைத்து முடியாத கோட்டையே நோயாளிக்குப் போர்வையாக்கும் குடிசைகளை அதிலே காட்டினார். கோட்டு போய்ச் சேர்வது மாளிகைக்கு. அதனோடு போய்ச் சேர்வது காய்ச்சல்!

பொறி வந்தது, விடிவு வந்ததா? பாரிசிலே திமோனியே அமைத்த தையற்பொறிகளை 1831-ல் தையலாளர் உடைத்தெறிந்தனர். 1851-ல் சிங்கர் தம் பொறிக்கு உரிமம் பெற்றார். வேகம் வளர்ந்தது, வேலைநேரம் குறையவில்லை. 1888-ல் பிரபுக்கள் அவை ஒரு குழு அமைத்து, வியர்வைப் பட்டறைகளை விசாரித்தது. விசாரணை முடியுமுன்னரே, 1889-ல், கிழக்கு இலண்டனின் யூதத் தையலாளர் ஆயிரக்கணக்கில் வெளியேறினர். அவர்கள் கேட்டது என்ன? உணவுவேளையும் உட்பட, நாளொன்றுக்கு 12 மணி நேர வேலை! பன்னிரண்டு மணி ஒரு கோரிக்கையானால், அதற்கு முன் இருந்தது எத்துணைக் கொடுமை என்பதை நாமே கணக்கிட்டுக் கொள்ளலாம். 1909-ல் வந்த சட்டம், ஆயத்த உடைத் தையல் உள்ளிட்ட நான்கு தொழில்களுக்குக் குறைந்த அளவுக் கூலியை வகுக்க வழிசெய்தது.

1912-ல் மேற்கு இலண்டன் தையலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியபோது, கிழக்கிலே இருந்த யூதத் தையலாளரும் உடன் எழுந்தனர். அவர்களைத் திரட்டிய ருடால்ஃப் ராக்கர் பிறப்பால் யூதரல்லர், ஜெர்மானியர். அவர்தம் மொழியைக் கற்று, அவர்தம் ஏட்டை நடத்தியவர். அதே ஆண்டு துறைமுகத் தொழிலாளர் பட்டினி கிடந்தபோது, அவர்தம் பிள்ளைகள் 300 பேருக்கு மேல் யூதர் வீடுகளிலே சோறு உண்டனர். இனம் வேறு, மதம் வேறு, மொழி வேறு, பசி ஒன்று. ஊசி பிடித்த கை, சோற்றையும் பகிர்ந்தது.

பழைய கோட்டின் கதை அங்கே முடியவில்லை. செல்வனின் கோட்டு வேலையாளுக்குப் போகும். அவனிடமிருந்து பழந்துணிச் சந்தைக்குப் போகும். நிறம் வெளுத்ததும் தையற்காரன் அதை முழுதும் பிரித்து, உட்பக்கத்தை வெளிப்பக்கமாக்கித் தைப்பான். இடப்பக்கம் வலப்பக்கமாகும், ஆகவே மார்புப்பை வலப்புறம் வந்து நிற்கும். ஏழையின் சிக்கனத்தை ஊருக்கு அறிவிக்கும் அடையாளம் அது! அதற்கும் உதவாதது கந்தலாகும். கந்தலைக் கிழித்து நாராக்கி மறுபடியும் துணி நெய்யும் வழியை, 1813 அளவில் யார்க்ஷயரின் பேட்லி ஊரில் பெஞ்சமின் லா கண்டார். 'ஷாடி' என்பது அத்துணியின் பெயர். ஆங்கிலத்தில் அச்சொல்லே பின்னர் மட்டமானது எனப் பொருள்பட்டது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. ஏழையின் வழக்கம் நாட்டின் கடமையாயிற்று. 1941 சூன் 1 அன்று பிரிட்டனில் உடைப் பங்கீடு தொடங்கிற்று. முதலில் ஆண்டுக்கு ஆளுக்கு 66 கூப்பன். உள்துணி வைத்த ஆடவர் கோட்டு ஒன்றுக்கே 13. இருப்பதைச் செப்பனிட்டு உடுத்துங்கள் என்று 1943-ல் அரசே கைந்நூல் வெளியிட்டது. கணவன் போருக்குப் போனான். அவன் கோட்டைப் பிரித்துத் தனக்கு உடை தைத்தாள் மனைவி. 1949 வரை பங்கீடு நீடித்தது. நேற்றுவரை எள்ளப்பட்ட ஒட்டுத்தையல், நாட்டுப்பற்று என்று போற்றப்பட்டது. செயல் அதுவே, செய்தவர் மாறியதும் பெயரும் மாறிற்று!

இன்று பழங்கோட்டுகளைத் தேடி வாங்குவோர் பெருகியுள்ளனர். அந்நாள் வேலைப்பாடு இந்நாளில் ஏது என்று வியக்கின்றனர். வியக்கட்டும். ஆனால் அதே கோட்டுக்குப் புது உள்துணி வைக்கத் தையலாளன் கூலி சொன்னால், உள்ளேதானே, யார் பார்க்கப்போகிறார்கள் என்று பேரம் பேசுகின்றனர். பிரிக்க ஒரு பொழுது, வெட்ட ஒரு பொழுது, கையால் பொருத்த ஒரு பொழுது. அவன் விற்பது துணியன்று, தன் வாழ்நாள். செத்தவன் கைத்திறனுக்குப் புகழ்மாலை, இருப்பவன் கைத்திறனுக்குப் பேரமா?

கோட்டு வாங்கும் நண்பர்களே, ஒருமுறை அதை உட்புறமாகத் திருப்பிப் பாருங்கள். பெயரில்லாதவர் எழுதிய வரலாறு அங்கே இருக்கிறது. அவர்தம் வழியில் இன்றும் ஊசி பிடித்திருப்பவர்க்கு உரிய கூலியைக் குறைக்காமற் கொடுங்கள். வரலாறு படித்ததற்கு அதைவிடச் சிறந்த தேர்வு வேறில்லை.