கதிரையும் கந்தோரும் 'சொறி'யும்

கனடாவில் வாழும் வாசகர் ஒருவர் அண்மையில் மின்னஞ்சலில் மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். அன்றாடப் பேச்சில் ஆங்கிலச் சொற்களை எந்த அளவுக்கு அனுமதிக்கலாம்? மன்னிப்புக் கேட்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழகத்தவர் 'சாரி' என்றும் ஈழத்தவர் 'சொறி' என்றும் எழுதுகிறார்களே, எது சரி? கந்தோர், குசினி, அலுமாரி போன்ற 'ஆங்கிலச் சொற்களை'ப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

பத்திரிகைப் பணியில் இருந்த காலமெல்லாம் இக்கேள்விகள் என்னைத் தொடர்ந்தே வந்தன. மூன்றாவது கேள்வியில் ஒரு பிழை இருக்கிறது. அச்சொற்கள் ஆங்கிலம் அல்ல. அதை விளக்க மட்டக்களப்பு வாவிக்கரைக்குத்தான் போகவேண்டும்.

வாவி சூழ்ந்த புளியந்தீவில் 1628 இல் போர்த்துக்கேயர் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில், 1638 இல், ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். 1795 இல் அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஒவ்வொருவரும் எந்த வாசல் வழியாக நமது வாழ்வுக்குள் நுழைந்தார்கள் என்பதை அவர்கள் விட்டுச்சென்ற சொற்களே காட்டுகின்றன. போர்த்துக்கேயர் உள்ளூர்ப் பெண்களை மணந்து இங்கேயே குடியமர்ந்தவர்கள். ஆகவே அவர்களுடைய சொற்கள் வீட்டுக்குள் வந்தன: கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, குசினி, சப்பாத்து, துவாய், பாண். ஒல்லாந்தர் நிருவாகமும் சட்டமும் நடத்தினர். கந்தோரும் நொத்தாரிசும் அவர்கள் வழி வந்தவை. கக்கூசும் அவர்கள் கொடைதான். ஆங்கிலம் பள்ளிக்கூடத்தின் வழியே வந்தது. 1814 இல் மெதடிஸ்த மிசனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் பாடசாலை தொடங்கினார். கோட்டைக்குள் நெடுங்காலம் இயங்கிய 'கச்சேரி'யோ ஐரோப்பியச் சொல்லே அல்ல. இந்துஸ்தானியிலிருந்து ஆங்கிலேயர் கொண்டுவந்தது. பாட்டுக் கேட்கலாம் என்று தமிழக நண்பர்கள் அங்கே போனால் விண்ணப்பப் படிவம்தான் கிடைத்திருக்கும்!

இளம் நிருபராக இருந்தபோது எனக்குத் தனித்தமிழ்ப் பற்று மிகுதி. கதிரை என்று எழுதுவதைக்கூடக் குற்றமாகக் கருதிய காலம் அது. மட்டக்களப்பில் பறங்கியர் ஒருவருடைய தச்சுப்பட்டறையில் ஒரு நாள், "அலுமாரிக்கு நல்ல தமிழ் என்ன தெரியுமா?" என்று அவரிடம் என் புலமையைக் காட்டத் தொடங்கினேன். சீவுளியை நிறுத்தாமலே அவர் சிரித்தார். "தம்பி, அது எங்கட வீட்டுச் சொல். நீங்க எடுத்துப் பாவிக்கிறீங்க. நான் கோவிக்கல்லையே" என்றார். பிறகு உள்ளே திரும்பி மனைவியிடம் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. தேநீர் வந்தபிறகுதான் விளங்கிற்று.

அவர் பேசியது போர்த்துக்கேயக் கிரியோல். போர்த்துக்கல்லுடன் தொடர்பு அறுந்தபின்னும் மூன்றரை நூற்றாண்டுகளுக்கு மேலாக இவ்வாவிக்கரையில் வாழ்ந்துவரும் மொழி. சொற்கள் போர்த்துக்கேயம், வாக்கிய அமைப்போ பெரும்பாலும் தமிழைப் போன்றது, வினைச்சொல் கடைசியில் நிற்கும். இத்தனை கலப்பும் அம்மொழியைக் கொன்றுவிடவில்லை. ஆனால் இன்று அதைச் சரளமாகப் பேசுவோர் பெரும்பாலும் முதியவர்களே. போரினால் பலர் அவுஸ்திரேலியாவுக்கும் பிற நாடுகளுக்கும் புலம்பெயர்ந்தனர். பறங்கியர் குடியிருந்த டச்பார் கரையை 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை அழித்தது. எஞ்சிய குடும்பங்களிலும் இளையோர் தமிழும் ஆங்கிலமும் பேசுகின்றனர். அந்தத் தச்சரின் சொல் நமது வீடுகளில் நலமாக இருக்கிறது. அவருடைய மொழி அவருடைய பேரப்பிள்ளைகளின் வீட்டில் இருக்கிறதா என்று கேட்கவேண்டிய நிலை.

இனிக் கேள்விகளுக்கு வருகிறேன். 'சாரி', 'சொறி' இரண்டும் ஒரே ஒலியை இரு கரைகளில் இரு விதமாகக் கேட்டதன் விளைவு. ஒன்று புடவையை நினைவூட்டும், மற்றது அரிப்பை! நண்பரின் காலை மிதித்துவிட்டால் எதையும் சொல்லலாம். ஒருவர் மனத்தைப் புண்படுத்தியிருந்தால் "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று எழுதுவதே முறை. ஆங்கிலச் சொற்களுக்கும் இதுவே என் அளவுகோல். பேச்சில் 'பஸ்'ஸும் 'ஓகே'யும் இருந்துவிட்டுப் போகட்டும். அறிவுத்துறை எழுத்தில் தமிழ்ச் சொல்லைத் தேடவேண்டும். அதற்கு வழிகாட்டியவர்களில் ஒருவர், 1892 இல் காரைதீவில் பிறந்து கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்ற சுவாமி விபுலாநந்தர். அவர் ஆங்கிலத்தை வெறுத்தவரும் அல்லர், தமிழைக் கைவிட்டவரும் அல்லர்.

கதிரை, குசினி என்று பிள்ளைகளுக்கு அச்சமின்றிச் சொல்லிக்கொடுங்கள். கடன் வாங்கியதால் ஒரு மொழி அழிந்ததை வாவிக்கரையில் நான் காணவில்லை. பெற்றோர் பிள்ளைகளோடு பேசுவதை நிறுத்தியபோது ஒரு மொழி தேய்ந்ததைத்தான் கண்டேன். எனவே கனடா நண்பரிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் குசினியில் பிள்ளைகளோடு எந்த மொழியில் பேசுகிறீர்கள்?