பாதுகாப்பு என்னும் பெயர் பெற்ற வண்டி

காலை ஏழு மணிக்கு நம் குடியிருப்பின் வாயிலில் சற்றே நின்று பார்த்தால், மிதிவண்டி இன்னும் மறைந்துவிடவில்லை என்பது விளங்கும். செய்தித்தாள் கொணரும் இளைஞர், பால் கொணர்பவர், இரவுக் காவல் முடித்து வீடு திரும்புபவர், தச்சர், கொத்தனார், பள்ளி செல்லும் சிறுவர் என எத்தனையோ பேர் அதில் ஏறியே தில்லித் தெருக்களைக் கடக்கின்றனர். தெருவின் இருமருங்கும் கார்கள் நிற்கின்றன. நடுவே எஞ்சிய இடுக்கில் ஒரு காரும் ஒரு மிதிவண்டியும் எதிர்ப்படும்போது, ஒதுங்குவது எப்போதும் மிதிவண்டியே. இஃது இயற்கை என்றே நாம் எண்ணப் பழகிவிட்டோம். இயற்கை அன்று, இதற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தலைநகர்த் தமிழராகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு. அதனைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் வண்டியின் பிறப்பைக் காண்போம். 1817-இல் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் கார்ல் டிரைஸ் என்பவர் இரு சக்கரங்கள் கொண்ட மரவண்டி ஒன்றை ஓட்டிக் காட்டினார். அதற்கு மிதிகட்டை இல்லை. காலால் தரையை உந்தியே செல்ல வேண்டும். பின்னர் மிதிகட்டை வந்தது. விரைவின்மேல் கொண்ட ஆசையால் முன்சக்கரம் ஆள் உயரத்திற்கு வளர்ந்தது. அவ்வுயர்ந்த வண்டியில் ஏறியவர், சிறு கல் ஒன்று தடுத்தாலும் தலைகீழாக விழுந்தனர். இக்குறையைப் போக்கவே இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் ஜான் கெம்ப் ஸ்டார்லி, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒத்த அளவுடையதாய், சங்கிலியால் பின்சக்கரம் சுழல்வதாய், 1885-இல் ரோவர் என்னும் வண்டியை அமைத்தார். இவ்வகை வண்டிக்கு மக்கள் இட்ட பெயர் 'சேஃப்டி பைசிக்கிள்', அதாவது பாதுகாப்பு மிதிவண்டி என்பதே. 1888-இல் டன்லப் காற்றடைத்த டயரையும் அளித்தார். இன்று நாம் ஓட்டும் வண்டி உருவத்தில் பெரும்பாலும் அதுவே. ஆக, பாதுகாப்பு என்னும் பெயரோடு பிறந்த வண்டி இது. பின்னர் வந்த ஆபத்து வண்டிக்குள்ளிருந்து வந்ததன்று, வெளியிலிருந்து வந்தது.

அவ்வெளி ஆபத்தை முதலில் சட்டம் எவ்வாறு நோக்கியது என்பது சிந்திக்கத் தக்கது. 1865-இல் பிரிட்டனில் இயற்றப்பட்ட சட்டம், எந்திர வண்டிகள் ஊருக்குள் மணிக்கு 2 மைலுக்கு மேல் செல்லலாகாது என்றும், முன்னே ஒருவர் செங்கொடி ஏந்தி நடந்து செல்ல வேண்டும் என்றும் விதித்தது. வலிய வண்டியே எச்சரிக்கையாய் இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் கருத்து. 1896-இல் அவ்விதி தளர்த்தப்பட்டு வேக வரம்பு பன்மடங்கு உயர்ந்தது. அதே ஆண்டில் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மைதானத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கல் என்னும் பெண்மணி கார் மோதி இறந்தார். பிரிட்டனில் காரால் உயிரிழந்த முதல் பாதசாரி அவர். அதன்பின் சிறிது சிறிதாக எச்சரிக்கை என்னும் சுமை காரோட்டியின் தோளிலிருந்து இறங்கி, நடப்பவர் தலையிலும் மிதிப்பவர் தலையிலும் ஏறிற்று.

இந்திய நாட்டிற்கு இவ்விரு வண்டிகளும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வந்து சேர்ந்தன. மோட்டார் வண்டிகளுக்கென 1914-இலும், பின்னர் விரிவாக 1939-இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. எனினும் அக்காலத்தில் காருடையோர் மிகச் சிலரே. மாட்டுவண்டியும் டாங்காவும் மிதிவண்டியும் நடையுமே தெருவை ஆண்டன.

இனி நம் தில்லிக்கு வருவோம். 1911-இல் தலைநகர் என அறிவிக்கப்பெற்று, 1931-இல் புதுதில்லி திறந்து வைக்கப்பட்டது. நாட்டுப் பிரிவினையை அடுத்து மக்கள் வெள்ளமெனப் பெருகினர். 1941-இல் ஏறத்தாழ 9 லட்சமாக இருந்த மக்கள்தொகை, 1951-இல் 17 லட்சத்தைக் கடந்தது. அரசு அலுவல் தேடித் தென்னாட்டிலிருந்து வந்த நம்மவர் கரோல்பாக்கிலும் லோதி காலனியிலும், அன்று வினய் நகர் என வழங்கிய இன்றைய சரோஜினி நகரிலும் குடியேறினர். ஊரிலிருந்து கொணர்ந்த படுக்கைச் சுருளையும் பெட்டியையும் அடுத்து, அவர்களுள் பலர் வாங்கிய முதற் சொத்து ஒரு சைக்கிளே என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். சென்னை அம்பத்தூரில் 1949-இலும், தில்லியை அடுத்த சோனிப்பட்டில் 1951-இலும், லூதியானாவில் 1956-இலும் மிதிவண்டித் தொழில்கள் தோன்றின. அதனால் வெளிநாட்டு வண்டியை எதிர்பார்த்திருக்கும் நிலை நீங்கிற்று.

காற்சட்டையின் அடியைக் கவ்விப் பிடிக்கும் கிளிப், கைப்பிடியில் தொங்கும் சோற்றடுக்கு, மார்கழி மூடுபனியில் மினுக்கும் டைனமோ விளக்கு ஆகியவற்றுடன் செக்ரெடேரியட்டை நோக்கி நம் பாட்டனாரும் தந்தையரும் அணியணியாகச் சென்ற காட்சியை அக்காலத்தோர் இன்றும் மறக்கவில்லை. 1957-ஆம் ஆண்டு நிலவரப்படி தில்லியில் மக்கள் மேற்கொண்ட பயணங்களுள் நூற்றுக்கு 36 மிதிவண்டியிலேயே நிகழ்ந்தன. பேருந்துப் பயணங்கள் அதனினும் குறைவே.

அன்று கரோல்பாக்கின் சந்துகள் இன்றுள்ளவற்றினும் அகன்றவை அல்ல. தலைக்கவசம் இல்லை, தனிப்பாதையும் அரிது. எனினும் மிதிவண்டியோட்டி தெருவில் தன்னைச் சிறியவனாக உணரவில்லை. காரணம் இரண்டு. முதலாவது, அவர்கள் பலர். கூட்டமாய்ச் செல்வோரைக் காணாது மோதிவிட இயலாது. அன்றியும், கார் ஓட்டியவரே நேற்றுவரை சைக்கிள் மிதித்தவராய் இருந்தார். இரண்டாவது, தெருவின் வேகம் மிதிவண்டியின் வேகத்தோடு ஒத்திருந்தது. தெரு குறுகலாய் இருந்தது உண்மை. ஆனால் அக்குறுகலே வேகத்திற்குக் கடிவாளமாய் அமைந்தது.

பின்பு காலம் மாறிற்று. வட்டச்சாலைகள் வந்தன. 1982-இல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டு மேம்பாலங்கள் எழுந்தன. மிதித்து ஏறுவோனுக்கு மேம்பாலம் ஒரு மலை. அதன் மறுபுறத்தில் இறங்கும்போது பின்னால் வரும் காரின் வேகமோ அச்சந் தருவது. 1983-இல் குர்காவில் மாருதி கார் வெளிவந்தது. நம் வீடுகளிலும் சைக்கிள் போய் ஸ்கூட்டர் வந்தது. ஸ்கூட்டர் போய்க் கார் வந்தது. உழைத்து முன்னேறியோர் வசதி தேடியதில் குற்றமில்லை. ஆயினும் விளைவை மறைத்தல் கூடாது. 1957-இல் நூற்றுக்கு 36 ஆக இருந்த மிதிவண்டிப் பயணம், 1994-இல் 7-க்கும் கீழே இறங்கிற்று. 2018-க்குள் தில்லியில் பதிவான மோட்டார் வண்டிகள் 1 கோடியைத் தாண்டின. எஞ்சிய மிதிவண்டியோட்டிகள் தனித்தவராயினர், பெரும்பாலும் ஏழையராயினர். பலராய் இருந்தபோது இருந்த காவல், சிலரானபோது இல்லாமற் போயிற்று.

இதனைச் சீர்ப்படுத்த ஒரு முயற்சியும் நடந்தது. 2008-இல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை, 5.8 கிலோமீட்டர் தொலைவில், பேருந்துக்கு நடுவே தனித்தடமும் மிதிவண்டிக்கு ஓரத்தில் தனித்தடமும் அமைக்கப்பட்டன. காரில் செல்வோர் தமக்கு இடம் குறைந்தது என்று முறையிட்டனர். அத்தடத்தை எதிர்த்துத் தொடுத்த வழக்கை உயர்நீதிமன்றம் 2012-இல் தள்ளிற்று. எனினும் அரசே 2016-இல் அதனை அகற்றத் தொடங்கியது. பேருந்துத் தடத்தின் குறைகளைப் பற்றிப் பலரும் பேசினர். அதனோடு சேர்ந்து மறைந்த மிதிவண்டித் தடத்தைப் பற்றிப் பேசியவர் சிலரே. கொல்கத்தாவிலோ மிதிவண்டியைக் காப்பதற்கு மாறாக, அதனை விலக்கும் வழி நாடப்பட்டது. 2013-இல் அங்கே 174 தெருக்களில் மிதிவண்டி செல்லத் தடை விதிக்கப்பட்டது. எதிர்ப்பு எழுந்தபின்னரே அத்தொகை குறைக்கப்பட்டது.

தெருவை அகலமாக்கினால் ஆபத்து நீங்கிவிடும் என்று நாம் சொல்லிக்கொள்கின்றோம். ஒரு சிறு கணக்கு இதனைத் தெளிவாக்கும். நம் நாட்டுச் சாலை விதிப்படி ஒரு தடத்தின் அகலம் 3.5 மீட்டர். மிதிவண்டியோட்டி ஓரத்துக் குழிகளையும் மூடிகளையும் தவிர்க்க அரை மீட்டர் விட்டுச் செல்கின்றார். அவருடைய கைப்பிடியின் அகலம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். காரின் அகலம் ஏறத்தாழ 1.7 மீட்டர். இரண்டிற்கும் இடையே ஒன்றரை மீட்டர் இடைவெளி வேண்டும். ஜெர்மனி 2020-இல் நகரங்களுக்குள் இதனைச் சட்டமாகவே ஆக்கியுள்ளது. எல்லாவற்றையும் கூட்டினால் 4.3 மீட்டர் ஆகின்றது. எனவே ஒரே தடத்திற்குள் காரும் மிதிவண்டியும் அருகருகே பாதுகாப்பாய்ச் செல்லுதல் இயலாது. குறுகிய தெருவில் ஒன்று மற்றொன்றின் பின்னே செல்ல வேண்டும். விரைவுடையது மெதுவாய்ச் செல்வதன் பின்னே பொறுத்துச் செல்ல வேண்டும். இதற்கு வேறு வழியில்லை.

வேகத்தின் கணக்கும் அத்தகையதே. மணிக்கு 60 கிலோமீட்டர் விரையும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். 30 கிலோமீட்டரில் செல்லும் கார் அதில் பாதியே கடக்கும். ஆனால் மோதும் ஆற்றல் பாதியன்று, கால் பங்காகக் குறைகின்றது. வேகம் இருமடங்கானால் அடி நான்கு மடங்காகும் என்பதே இதன் பொருள். 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்த மிதிவண்டியோட்டிகள் 4,836 பேர் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகின்றது. அவர்களுள் எத்தனை பேரின் குடும்பத்தில் உழைத்துப் பொருள் கொணர்ந்தவர் அவர் ஒருவரே என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மிதிப்போர் அறிய வேண்டியவை சில உண்டு. நிற்கும் கார்களை ஒட்டிச் செல்லாது, கதவு திறந்தால் தட்டாத தொலைவில், கோடு பிடித்தாற்போல் நேராகச் செல்லுதல் நன்று. இரு கார்களுக்கு இடையே உள்ள இடைவெளியில் உட்புகுந்து மீண்டும் வெளிவருதல், பின்வருவோனுக்குக் கண்ணாமூச்சி ஆடுவது போன்றது. பின்னால் வரும் கார் கடக்க இயலாத குறுகலில், ஓரத்தில் ஒடுங்காது சற்று நடுவே செல்வதே காப்பு. ஒடுங்கினால் இடமிருப்பதாக எண்ணிக் காரோட்டி நெருக்குவான். இடப்புறம் திரும்பவிருக்கும் பேருந்தின் இடப்பக்கத்தே நுழைதல் ஒருபோதும் ஆகாது. அங்கே செல்பவரை ஓட்டுநர் காண்பது அரிது. இரவில் முன்னும் பின்னும் விளக்கு வேண்டும். முன்பு விளக்கில்லாத சைக்கிளைக் காவலர் நிறுத்தியபோது நம்மவர் சலித்துக்கொண்டதுண்டு; அவ்விதி நம் உயிரைக் கருதியதே.

எனினும் பெரும்பொறுப்பு கார் வைத்திருக்கும் நம்முடையதே. தவறு செய்தால் மிதிவண்டியோட்டி இழப்பது தன் உயிரை. நாம் தவறினாலும் இழப்பவர் அவரே. 2021-இல் தில்லிப் போக்குவரத்துக் காவல்துறை, குடியிருப்புகளின் உட்தெருக்களில் வேக வரம்பை 30 கிலோமீட்டர் என வரையறுத்தது. இதனை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அறிந்தவருள் எத்தனை பேர் போற்றுகின்றோம்? காரை நிறுத்திக் கதவு திறக்கும்போது, அருகிலுள்ள வலக்கையால் திறவாது இடக்கையால் திறப்போமாயின், உடல் தானே திரும்பும். கண் தானே பின்னோக்கும். முதுகின் பின்னே ஹாரனை அலற விடாது, பத்து நொடி பொறுத்தல் பெருந்தியாகம் அன்று.

மாற்றம் இயலாது என்போர்க்குத் தில்லியிலேயே ஒரு சான்று உண்டு. பதினேழாம் நூற்றாண்டில் ஜஹானாரா அமைத்த சாந்தினி சௌக், நெரிசலுக்கே பெயர் பெற்ற தெரு. செங்கோட்டைப் பக்கத்திலிருந்து ஃபத்தேபுரி மசூதி வரை அதனைச் சீரமைத்து 2021-இல் திறந்தபோது, காலை 9 முதல் இரவு 9 வரை மோட்டார் வண்டிகள் செல்லலாகாது என்று விதித்தனர். விதியைக் காப்பதில் தளர்வு நேர்ந்ததுண்டு. கடைக்காரர் சிலர்க்கு மனக்குறையும் உண்டு. எனினும் தெரு ஓரங்குலமும் அகலாமலே, மனிதர் அஞ்சாது நடக்கவும் சைக்கிள் ரிக்‌ஷா மிதிக்கவும் அங்கே இடம் பிறந்தது. மாறியது தெருவின் அகலமன்று. தெரு யாருக்குரியது என்னும் எண்ணமே.

அவ்வெண்ணம் மாற வேண்டிய இடம் நம் குடியிருப்பின் வாயிலும் ஆகும். நாளைக் காலை நம் காரின் முன்னே மெல்ல மிதித்துச் செல்பவர் நமக்கு அயலார் அல்லர். ஒரு தலைமுறைக்கு முன் நம் தந்தை சென்ற வண்டியில், நம் தந்தை சென்ற தெருவிலேயே அவர் செல்கின்றார். அவருக்கும் வீட்டில் காத்திருப்போர் உண்டு. ஆண்டு விழாவிற்குக் கூடியிருக்கும் நம் குடும்பங்கள் அனைத்தும், நம் வாயிலுக்குள் 30 கிலோமீட்டருக்கு மேல் கார் ஓட்டுவதில்லை என்று இன்று உறுதி கொள்ளுமாயின், பாதுகாப்பு என்னும் பெயரோடு பிறந்த வண்டிக்கு அப்பெயரை நம் தெருவிலேனும் மீட்டுக் கொடுத்தவராவோம்.