கண்விழிக்கும்போதே தமிழ்

தமிழில் ஒரு நூல் எடுத்த எடுப்பில் பொருளுக்குள் நுழைந்துவிடுவதில்லை. காப்பு, கடவுள் வாழ்த்து, அவையடக்கம் என்று சில முன்னே வந்து நிற்கும். எங்கள் குலசேகரன்பட்டினத்து முத்தாரம்மன் கோயில் தசராவிலும் கொடியேற்றம் முதலில், காப்புக் கட்டுதல் அடுத்து, வேடம் அதற்கும் பிறகு. எது முன், எது பின் என்பதை வழக்கம் வகுத்திருக்கிறது. ஊரார் அதை அறிவர்.

கணினிக்கும் இப்படி ஒரு முன்வரிசை உண்டு. பொத்தானை அழுத்தியது முதல் நாம் முதல் எழுத்தைத் தட்டும் வரைக்கும், யாரும் அழைக்காமலே சில நிரல்கள் எழுந்து இயங்கத் தொடங்குகின்றன. அந்த வரிசையில் எவை இடம்பெறலாம், அதை யார் தீர்மானிப்பது என்ற கேள்விக்கு நாற்பதாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. கணினியில் தமிழ் எழுதியவர்களுக்கு அவ்வரலாறு அந்நியமானதன்று. நம்மில் பலருக்கு நெடுங்காலம் தமிழ் விசைப்பலகை அந்த வரிசையில் ஓர் இடம் பிடித்துத்தான் கணினிக்குள் வாழ்ந்தது.

1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனியாள் கணினியை வெளியிட்டபோது அதனோடு டாஸ் இயங்குதளம் வந்தது. டாஸ் காலத்தில் ‘ஆட்டோஎக்ஸெக்.பேட்’ என்றொரு சிறு உரைக்கோப்பு இருந்தது. கணினி எழுந்ததும் அதிலுள்ள வரிகளை மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக நிறைவேற்றும். கோப்பைத் திறந்தால் முழு வரிசையும் கண்ணுக்குத் தெரியும். ஒரு வரி வேண்டாமென்றால் அதன் முன் ‘ரெம்’ என்று எழுதிவிட்டால் போதும். நிரல்களுக்குக் கிடைத்த அடிப்படை நினைவகம் 640 கிலோபைட் மட்டுமே. ஆகவே தேவையற்ற ஒன்று அதில் குடியிருந்தால் அதன் சுமை உடனே தெரிந்துவிடும். அக்காலத்துப் பயனர் சிக்கனத்தின் பொருட்டேனும் தம் வரிசையைத் தாமே எழுதினார். எழுதியதை நினைவிலும் வைத்திருந்தார்.

விண்டோஸ் வந்தபின் இந்த வெளிப்படைத்தன்மை மெல்லக் குறைந்தது. 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் ‘ஸ்டார்ட்அப்’ என்றொரு தொகுதி இருந்தது. அதற்குள் ஒரு படவுருவை இழுத்துப் போட்டால் அந்நிரல் தானே தொடங்கும். அதே வேலையை ‘வின்.இனி’ என்ற கோப்பிலும் எழுதி முடிக்கலாம். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது, ‘ரெஜிஸ்ட்ரி’ என்னும் பெரும் பதிவகத்துக்குள் ‘ரன்’ என்றொரு பகுதியும் இதற்கென இருந்தது. நிறுவப்படும் மென்பொருள் எதுவும், உரியவரிடம் ஒரு சொல் கேளாமல், அங்கே தன் பெயரைப் பொறித்துக்கொள்ள முடிந்தது. அவர் எழுதிவந்த வரிசையைப் பிறர் எழுதும் காலம் தொடங்கியது.

தமிழ் மென்பொருள்கள் பரவியதும் இக்காலத்தில்தான். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் அதற்கு முன்பே வந்துவிட்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை அடுத்துத் தமிழ்99 விசைப்பலகை அரசின் ஏற்பைப் பெற்றது. விசுவநாதனின் ‘அழகி’, முகுந்தின் ‘எ-கலப்பை’, பின்னர் நியூ ஹொரைசன் மீடியாவின் ‘என்.எச்.எம். ரைட்டர்’ எனக் கருவிகள் அடுத்தடுத்து வந்தன. எ-கலப்பையின் தொடக்கப் பதிப்புகள் ‘கீமேன்’ என்ற வெளிநாட்டு விசைப்பொறியைக் கொண்டு இயங்கின.

இக்கருவிகளின் செயல்முறையை ஒருகணம் எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் ஆங்கில விசை இரண்டைத் தட்டுகிறோம். அவை திரைக்குப் போய்ச் சேரும் முன் இடைமறித்து, அவற்றின் இடத்தில் ‘க’ என்ற எழுத்தை வைக்க ஒரு நிரல் விழித்திருக்க வேண்டும். எழுதுபவர் எந்நேரம் எழுத உட்காருவார் என்பது தெரியாதாகையால் அது கணினியோடு சேர்ந்தே விழிப்பதுதான் வசதி. திரையின் வலது மூலையில், கடிகாரத்தின் அருகே, ஒரு சிறு படவுருவாக அது காத்திருந்தது. அது இல்லாத நாளில் கணினிக்குத் தமிழ் தட்டத் தெரியாது. 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்.பி.யில் தமிழுக்கான ஏற்பாடு இருந்தது. ஆனால் இந்திய மொழிகளுக்கான கோப்புகளைத் தனியே தேர்ந்து நிறுவினால்தான் அது செயற்படும்.

2000களில் உடன்குடி, திருச்செந்தூர்ப் பக்கத்து பிரவுசிங் சென்டர்களில் தமிழ் எழுத உட்கார்ந்தவர்களுக்கு இதன் பொருள் நன்கு தெரியும். மறுமுறை இயக்கியதும் பழைய நிலைக்கே திரும்பும்படி கணினிகளைப் பூட்டி வைத்திருந்த கடைகள் உண்டு. நேற்று நிறுவிய தமிழ் விசைப்பலகை இன்று இராது. ஒவ்வொரு நாளும் மீண்டும் இறக்கி, மீண்டும் நிறுவி, அதன் பிறகே முதல் வரி. வலைப்பதிவுகளின் தொடக்க காலத்து எழுத்து பலவும் இந்த முன்வேலைக்குப் பிறகு எழுதப்பட்டவை.

கடைக்காரர்களைக் குறைசொல்லவும் இயலாது. எந்த வாசல் வழியே தமிழ் நுழைந்ததோ அதே வாசல் வழியே நச்சுநிரல்களும் நுழைந்தன. 2000 மே 4 அன்று உலகெங்கும் பரவிய ‘ஐ லவ் யூ’ நச்சுநிரல், பதிவகத்தின் அதே ‘ரன்’ பகுதியில் ‘எம்எஸ்கெர்னல்32’ என்று தன்னைப் பதிந்துகொண்டது. இயங்குதளத்தின் உறுப்பு என்று நினைக்கத்தக்க பெயர். பின்னர் பென் டிரைவ் செருகியதும் தானே ஓடும் வகைகள் பெருகின. அந்த வழியை மைக்ரோசாஃப்ட் 2009இல் விண்டோஸ் 7இலும், 2011இல் பழைய பதிப்புகளிலும் அடைத்தது.

இழந்த வரிசையை உரியவருக்கு மீட்டுத் தரும் முயற்சிகளும் உடன் நடந்தன. விண்டோஸ் 98உடன் ‘எம்எஸ்கான்ஃபிக்’ வந்தது: தானே தொடங்குவன அனைத்தும் ஒரு பட்டியலாக, ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம். மார்க் ருஸ்ஸினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் உருவாக்கிய ‘ஆட்டோரன்ஸ்’, ஒரு நிரல் ஒளிந்திருக்கக்கூடிய மூலைகளையெல்லாம் துருவிக் காட்டியது. 2012இல் விண்டோஸ் 8, இப்பட்டியலை டாஸ்க் மேனேஜருக்குள் கொண்டுவந்து, தொடக்கத்தைத் தாமதப்படுத்துவதில் எது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்பதையும் எழுதிக் காட்டியது.

இந்த இடத்தில்தான் தமிழுக்கு ஓர் இக்கட்டு நேர்ந்தது. “தெரியாத பெயரெல்லாம் நீக்கு, கணினி வேகமாகும்” என்பது அக்காலத்து எளிய அறிவுரை. பட்டியலில் தெரிவது பெரும்பாலும் நிரல்கோப்பின் பெயர். அது தமிழ் எழுதித் தரும் கருவி என்று அங்கே குறிப்பு இராது. தமிழ் எழுதாத ஒருவர் கணினியைத் துப்புரவு செய்யும்போது அவருக்கு அது சுமைகளில் ஒன்றாகவே படும். கணினி வேகம் பெற்றுவிடும். மறுநாள் எழுத உட்காருபவருக்கு எழுத்து வராது. பயன் எது, சுமை எது என்பதைப் பட்டியல் சொல்லாது. அக்கணினியில் வேலை செய்பவருக்கே தெரியும்.

இன்று நிலைமை பெரிதும் மாறிவிட்டது. 2010இல் தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது. ஆப்பிளின் மேக் கணினிகளில் 2005 முதலே அஞ்சல், தமிழ்99 விசைமுறைகள் இயங்குதளத்தின் உள்ளேயே இருக்கின்றன. விண்டோஸ் 10இன் 2019 மே மாதப் பதிப்பில் தமிழுக்கு ஒலிப்புமுறை விசைப்பலகை சேர்ந்தது. தமிழ் இப்போது முன்வரிசையில் இடம் கேட்கும் விருந்தாளியாக இல்லை. இயங்குதளம் எழும்போது உடன் எழுகிறது. இந்நிலைக்கு வழிகோலியவர்கள், தம் ஓய்வுநேரத்தில் கருவி செய்து இலவசமாகக் கொடுத்த அந்தச் சிலரும், நாள்தோறும் மீண்டும் நிறுவி எழுதிய பலரும்தான்.

ஆயினும் எல்லோரும் உள்ளே வந்துவிடவில்லை. பழைய தட்டச்சு முறையிலும் பாமினி முறையிலும் விரல் பழகியவர்கள் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் இன்னும் இருக்கிறார்கள். அச்சகங்களிலும் அலுவலகங்களிலும் முப்பதாண்டு தட்டிய கைகள் அவை. அவர்களுக்கு இன்றும் தனி மென்பொருள் வேண்டும். அது கணினியோடு எழவும் வேண்டும்.

வீட்டிலோ கல்லூரியிலோ ஒரு கணினி மந்தமாகிவிட்டால் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தித் தொடக்கப் பட்டியலைப் பாருங்கள். அரட்டைச் செயலி, விளையாட்டுக் கடை, என்றோ ஒருநாள் கூட்டத்துக்காக நிறுவிய காணொலிச் செயலி எனப் பல பெயர்கள் இருக்கும், அவற்றை நிறுத்தலாம். நிறுத்துவது அழிப்பதன்று, வேண்டுமானால் மீட்டுக்கொள்ளலாம். புரியாத ஒரு பெயரை நிறுத்தும் முன்பு மட்டும், அக்கணினியில் எழுதுபவர் யார், எந்த முறையில் எழுதுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.