கடை, அலுவலக ஊழியர் சட்டம் (இலங்கை)

இலங்கையில் கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை செய்வோரின் வேலைநேரம், விடுமுறை, வேதனம் ஆகியவற்றை ஒழுங்குபடுத்தும் 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம். வெள்ளவத்தைப் புடவைக்கடை, கொட்டாஞ்சேனை நகைக்கடை, கோட்டையின் கம்பனி அலுவலகம் ஆகிய எல்லாம் இதற்குள் அடங்கும்.

வேலைநேரம்: நாளுக்கு 8, வாரத்துக்கு 45 மணித்தியாலம். மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு வேதனம்.

விடுமுறை: வாரத்தில் சம்பளத்துடன் ஒன்றரை நாள், ஓராண்டு வேலை முடித்தோருக்கு ஆண்டு விடுமுறை 14 நாள், அமய விடுமுறை 7 நாள். மகப்பேற்று விடுமுறை 84 வேலைநாள். மூன்றாவது குழந்தை முதல் இருந்த குறைப்பை 2018ஆம் ஆண்டுத் திருத்தம் நீக்கியது.

தொடர்புடைய சட்டங்கள்: ஊழியர் சேமலாப நிதிக்கு (1958) ஊழியர் 8%, தொழில்தருநர் 12% செலுத்துவர். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கான (1980) 3% தொழில்தருநருக்கே உரியது. அதைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் இடங்களில், ஒழுக்காற்றுக் காரணமின்றி ஒருவரை நிறுத்த அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ தேவை (1971ஆம் ஆண்டுச் சட்டம்). அநியாயமாக நீக்கப்பட்டவர் தொழில் நியாய சபையை நாடலாம்.