அப்ளை: ஒரு கட்டளையின் கதை

2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச்சந்தை வழக்கம்போல் காலை 9.30 மணிக்குத் திறந்தது. அடுத்த 45 நிமிடங்களில் நைட் கேப்பிடல் என்ற அமெரிக்கத் தரகு நிறுவனம் 46 கோடி டாலருக்கு மேல் இழந்தது. சந்தை சரியவில்லை. யாரும் மோசடி செய்யவில்லை. எட்டு சர்வர்களில் புது நிரலை ஏற்ற வேண்டிய ஊழியர் ஏழில் ஏற்றிவிட்டு ஒன்றை விட்டுவிட்டார். அவ்வளவுதான்!

விடுபட்ட அந்த எட்டாவது சர்வரில், 2003-லேயே பயன்பாட்டிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பழைய நிரல் அழிக்கப்படாமல் கிடந்தது. புது நிரலை இயக்குவதற்காக வைத்த ஸ்விட்ச், அந்தப் பழைய நிரலை எழுப்பிவிட்டது. வாடிக்கையாளர்கள் கொடுத்தது வெறும் 212 ஆர்டர்கள். கணினி செய்து முடித்ததோ 154 நிறுவனப் பங்குகளில் 40 லட்சத்துக்கும் அதிகமான வர்த்தகங்கள். பதற்றத்தில் மற்ற ஏழு சர்வர்களிலிருந்தும் புது நிரலை நீக்கினார்கள். அதனால் அந்த ஏழிலும் பழைய நிரல் ஓட ஆரம்பித்து நிலைமை இன்னும் மோசமானது. சந்தை திறப்பதற்கு முன்பே கணினி 97 எச்சரிக்கை மின்னஞ்சல்களை அனுப்பியிருந்தது. அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு யாரும் எதுவும் செய்யவில்லை. 2013-ல் அமெரிக்கப் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு ஆணையம் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தது. நிரலேற்றத்தை இரண்டாவது ஆள் ஒருவர் சரிபார்க்க வேண்டும் என்ற விதியே அங்கு இல்லை என்று தன் உத்தரவில் குறிப்பிட்டது. அதே ஆண்டு நைட் இன்னொரு நிறுவனத்துடன் இணைக்கப்பட்டது.

ஒரு மாற்றத்தை எல்லா சர்வர்களிலும், சொன்னபடி, சொன்னதை மட்டும் செய்வது எப்படி? கேட்க எளிமையான கேள்விதான். இதற்கு விடை தேடிய கதைதான் இன்று உலகெங்கும் பொறியாளர்கள் தட்டும் 'அப்ளை' என்ற கட்டளையின் கதை. 'எழுதி வைத்திருக்கும் மாற்றங்களை அமல்படுத்து' என்பது இதன் பொருள். கதை 1976-ல் தொடங்குகிறது.

வீணாய்ப் போன ஒரு காலைப்பொழுது

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடம். ஸ்டீவ் ஜான்சன் என்ற நிரலாளர் தன் நிரலில் ஒரு பிழையைத் தேடி ஒரு காலைப்பொழுது முழுவதையும் வீணடித்தார். கடைசியில் பார்த்தால் பிழை ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தது! திருத்திய கோப்பை மறுபடி தொகுக்கத்தான் மறந்திருந்தார்கள். இதைக் கேட்ட சக ஊழியர் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன், அந்த வார இறுதியிலேயே 'மேக்' என்ற கருவியை எழுதினார்.

எந்தக் கோப்பு எதைச் சார்ந்திருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தால் போதும். 'மேக்' ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாறிய நேரத்தைப் பார்க்கும். எது பழசாகிவிட்டதோ அதை மட்டும் புதுப்பிக்கும். மற்றதைத் தொடாது.

இதில் '-என்' என்று ஒரு சிறிய வசதியும் இருந்தது. அதைச் சேர்த்துக் கட்டளை கொடுத்தால், 'மேக்' என்னென்ன செய்யப்போகிறது என்பதை அச்சிட்டுக் காட்டும், ஆனால் எதையும் செய்யாது. செய்வதற்கு முன் சொல்லிக் காட்டு! பின்னால் வந்த 'அப்ளை'யின் உயிர்நாடி இந்த ஒரு வசதிதான். ஃபெல்ட்மனுக்கு 'மேக்'குக்காக 2003-ல் ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் விருது கிடைத்தது.

பத்துக் குடமா, விளிம்பு வரையா?

'மேக்' பார்த்துக்கொண்டது ஒரு கணினியில் உள்ள கோப்புகளை. கணினிகள் பெருகியபோது அவற்றையே யார் பார்த்துக்கொள்வது? 1993-ல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த மார்க் பர்கெஸ் என்ற இயற்பியலாளரிடம் வகைவகையான யூனிக்ஸ் கணினிகளைப் பராமரிக்கும் வேலை வந்து சேர்ந்தது. ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியாகக் கட்டளைத் தொகுப்பு எழுதி அலுத்துப்போன அவர், 'சிஎஃப்எஞ்சின்' என்ற கருவியை உருவாக்கினார்.

பர்கெஸ் கொண்டுவந்த மாற்றத்தை ஒரு தண்ணீர்த் தொட்டியை வைத்துப் புரிந்துகொள்ளலாம். 'தொட்டியில் பத்துக் குடம் தண்ணீர் ஊற்று' என்பது ஒரு வகைக் கட்டளை. தவறுதலாக இரண்டு தடவை சொல்லிவிட்டால் தண்ணீர் வழிந்து ஓடும். 'தொட்டி விளிம்பு வரை நிரம்பியிருக்க வேண்டும்' என்பது இன்னொரு வகை. இதை நூறு தடவை சொன்னாலும் கெடுதல் இல்லை. குறைந்திருந்தால் நிரப்பும், நிரம்பியிருந்தால் சும்மா இருக்கும். என்ன செய்ய வேண்டும் என்று சொல்லாமல், எப்படி இருக்க வேண்டும் என்று சொல்வது. 'அப்ளை' எந்தப் பயமும் இல்லாமல் மறுபடி மறுபடி ஓடக்கூடிய கட்டளையானது இந்த யோசனையால்தான்.

இதே வழியில் 2005-ல் லூக் கனீஸின் 'பப்பெட்', 2009-ல் 'செஃப்', 2012-ல் மைக்கேல் டீஹானின் 'ஆன்சிபிள்' எல்லாம் வந்தன. 'செய்யாமல் சொல்லிக் காட்டும்' வசதி இவற்றிலும் உண்டு. ஆனால் வேண்டுமென்றால் கேட்டுப் பெற வேண்டிய வசதியாகவே அது இருந்தது.

கணினியே கட்டளையில் பிறந்தபோது

2006-ல் அமேசான் நிறுவனம் கணினிகளையும் சேமிப்பிடத்தையும் இணையம் வழியே வாடகைக்கு விடத் தொடங்கியது. மேகக் கணிமை என்று சொல்கிறோமே, அதுதான். அதுவரை சர்வர் என்பது ஒரு பொருள். ஆர்டர் கொடுத்து, வண்டியில் வந்து, அறையில் பூட்டி வைக்கும் பொருள். இப்போது ஒரு கட்டளையில் பிறந்து இன்னொரு கட்டளையில் மறையும் ஒன்றாகிவிட்டது. வசதிதான். ஆனால் ஆபத்தும் கூடவே வந்தது. முன்பு கட்டளை தவறினால் ஒரு கோப்பு கெடும். இப்போது தவறினால் ஒரு நிறுவனத்தின் தரவுத்தளமே காணாமல் போகும்.

மேகத்தில் இருப்பதையெல்லாம் கோப்பில் எழுதி உருவாக்கும் 'கிளவுட்ஃபார்மேஷன்' சேவையை அமேசான் 2011-ல் கொண்டுவந்தது. அது அமேசானின் சேவைகளுக்காகச் செய்தது. 2014 ஜூலையில் ஹாஷிகார்ப் என்ற நிறுவனம் பல மேக நிறுவனங்களுக்கும் பொதுவான 'டெராஃபார்ம்' கருவியை வெளியிட்டது. மிட்செல் ஹாஷிமோட்டோவும் அர்மான் தாட்கரும் 2012-ல் தொடங்கிய நிறுவனம் அது. இருவரும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலிருந்தே பழக்கம். அவர்களுடைய கருவியில் இரண்டு கட்டளைகள் முக்கியமானவை. ஒன்று 'பிளான்', இன்னொன்று 'அப்ளை'.

அப்ளைக்கு உள்ளே

வெளியிலிருந்து பார்த்தால் ஒரே சொல். உள்ளே நடப்பது வணிகவியல் மாணவர்களுக்கு நன்றாகப் பழக்கமான வேலை: வங்கிச் சரிகட்டும் பட்டியல்!

ரொக்க ஏட்டில் நாம் எழுதி வைத்தது ஒன்று. வங்கி தரும் செல்லேட்டில் இருப்பது இன்னொன்று. இரண்டையும் ஒப்பிட்டு வேறுபாடுகளைக் கண்டுபிடிக்கிறோம் அல்லவா? டெராஃபார்மும் தான் உருவாக்கியவற்றை எல்லாம் 'ஸ்டேட்' என்ற கோப்பில் பதிந்து வைத்திருக்கிறது. அது அதன் ரொக்க ஏடு. கட்டளை வந்ததும் மேக நிறுவனத்தைக் கேட்டு உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. அது செல்லேடு. மூன்றாவதாக, எப்படி இருக்க வேண்டும் என்று பொறியாளர் எழுதிய கோப்பு. மூன்றையும் ஒப்பிட்டுத் திட்டம் தயாராகிறது.

திட்டத்தில் கூட்டல் குறி இருந்தால் புதிதாக உருவாகும். கழித்தல் குறி இருந்தால் அழியும். அலைக்குறி என்றால் இருப்பதிலேயே திருத்தம். கழித்தலும் கூட்டலும் சேர்ந்து வந்தால்தான் கவனம் தேவை. பழையதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப்போகிறது என்று பொருள். கோப்பில் ஒரு சொல்லைத்தான் மாற்றியிருப்பார்கள். ஆனால் அந்த ஒன்று, ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்ற முடியாத அமைப்பாக இருந்தால் இடிப்பதைத் தவிர வழியில்லை. அது தரவுத்தளமாக இருந்தால் உள்ளே இருக்கும் தரவின் கதி? இதைத் தடுக்கவே 'இதை அழிக்க விடாதே' என்று கோப்பிலேயே எழுதி வைக்கும் வசதியும் உண்டு.

அடுத்தது வரிசை. வலையமைப்பு இல்லாமல் அதற்குள் சர்வரை வைக்க முடியாது. எது எதைச் சார்ந்தது என்று உள்ளுக்குள் ஒரு வரைபடம் போட்டு, அதன்படி முன்னதை முடித்துவிட்டுப் பின்னதைத் தொடங்குகிறது. அழிக்கும்போது இதே வரிசை தலைகீழ். ஒன்றையொன்று சாராத வேலைகளை, வேறு எண் எதுவும் சொல்லாவிட்டால், ஒரே நேரத்தில் பத்து வரை செய்யும். ஃபெல்ட்மனின் 'மேக்' போட்ட அதே சார்புப் பட்டியல்தான் இங்கே பெரிதாக வளர்ந்து நிற்கிறது.

ஒவ்வொரு வேலை முடியும்போதும் அதை உடனே பேரேட்டில் பதிந்துவிட வேண்டும். எல்லாம் முடிந்தபின் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், நடுவில் மின்சாரம் போனால் என்ன ஆகும்? சர்வர் உருவாகியிருக்கும், வாடகை ஓடிக்கொண்டிருக்கும், கணக்கில் அது இருக்காது.

பாதியில் தவறு நேர்ந்தால் டெராஃபார்ம் பழைய நிலைக்குத் திரும்பிப் போவதில்லை. முடிந்தது முடிந்ததாகவே நிற்கும். பிழையைச் சரிசெய்துவிட்டு மறுபடி 'அப்ளை' தட்டினால் மிச்ச வேலையை மட்டும் கணக்கிட்டுச் செய்யும். கணக்குப் புத்தகத்தில் தவறான பதிவை அழிக்காமல் திருத்தப் பதிவு போடுகிறோமே, அந்த முறை! பதற்றத்தில் பின்வாங்குவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நைட் கேப்பிடலின் ஏழு சர்வர்களே சாட்சி.

'யெஸ்' என்று தட்டுங்கள்

2017 பிப்ரவரி 28. அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில் பில் போடும் பகுதி மெதுவாக ஓடியது. அதைச் சரிசெய்ய, அனுமதி பெற்ற ஓர் ஊழியர், வழக்கமான நடைமுறைப்படி, சில சர்வர்களை நீக்கும் கட்டளையைத் தட்டினார். அதில் ஒரு விவரம் தவறிப்போனது. நினைத்ததைவிட மிக அதிகமான சர்வர்கள் நீங்கின. வட வர்ஜீனியா மையத்தை நம்பியிருந்த எண்ணற்ற இணையதளங்கள் நான்கு மணி நேரத்துக்கும் மேல் தடுமாறின. 'சேவை எப்படி இருக்கிறது' என்று காட்டும் அமேசானின் சொந்தப் பக்கத்தையே சில மணி நேரம் மாற்ற முடியவில்லை. அதுவும் எஸ்3-ஐ நம்பித்தான் இருந்தது!

பிறகு அமேசான் கட்டளைக் கருவியை மாற்றியது. சர்வர்களை மெதுவாகத்தான் நீக்கும். ஒரு குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போக நேர்ந்தால் மறுத்துவிடும்.

டெராஃபார்மிலும் அதே ஆண்டு இரண்டு மாற்றங்கள் வந்தன. இவற்றுக்கும் எஸ்3 சம்பவத்துக்கும் தொடர்பு இல்லை, ஆனால் போன திசை ஒன்றுதான். மார்ச்சில் வந்த 0.9 பதிப்பு பூட்டு போட்டது. ஒருவர் மாற்றம் செய்துகொண்டிருக்கும்போது இன்னொருவர் அதே ஸ்டேட் கோப்பில் கை வைக்க முடியாது. நவம்பரில் 0.11 பதிப்பு வந்தது. அதுவரை 'அப்ளை' தட்டினால் உடனே வேலை ஆரம்பித்துவிடும். இந்தப் பதிப்பிலிருந்து முதலில் திட்டத்தைக் காட்டி, செய்யட்டுமா என்று கேட்கிறது. 'யெஸ்' என்று முழுசாகத் தட்டினால்தான் நகரும். 'ஒய்' என்று ஒற்றை எழுத்துத் தட்டினால் ஏற்காது.

1976-ல் கேட்டால் மட்டும் கிடைத்த வசதி, 41 ஆண்டுகள் கழித்துக் கேட்காமலே குறுக்கே வந்து நிற்கும் வாயிற்காவலன் ஆகிவிட்டது.

இருவர் கைவைத்தால்?

கூகுள் 2014-ல் வெளியிட்ட 'குபர்நெட்டீஸ்' அமைப்பிலும் ஓர் 'அப்ளை' உண்டு. அங்கே வேறு சிக்கல். ஒரே பொருளின் ஒரு பகுதியை மனிதரும், இன்னொரு பகுதியைத் தானியங்கி நிரலும் மாற்றிக்கொண்டே இருக்கும். முதலில் இந்த ஒப்பீட்டை எல்லாம் பயனரின் கணினியிலேயே செய்தார்கள். ஒருவர் செய்ததை இன்னொருவர் தெரியாமல் அழித்துவிடும் நிலை வந்தது. அதனால் வேலையை சர்வர் பக்கத்துக்கு மாற்றி, எந்த வரி யாருடையது என்று பதிந்து வைக்கத் தொடங்கினார்கள். அடுத்தவருடைய வரியை மாற்ற முயன்றால் 'மோதல்' என்று நிறுத்திவிடும். 2021-ல் இது முழுமையடைந்தது. கூட்டு வணிகத்தில் ஒரு பங்குதாரர் செய்ததை மற்றவர் அறியாமல் மாற்ற முடியாதபடி கணக்கு வைப்பது போலத்தான்.

கட்டளை யாருடையது?

2023 ஆகஸ்டில் ஹாஷிகார்ப் டெராஃபார்மின் திறமூல உரிமத்தைக் கைவிட்டு, போட்டி நிறுவனங்களுக்குக் கட்டுப்பாடு விதிக்கும் உரிமத்துக்கு மாறியது. எதிர்த்தவர்கள் பழைய உரிமத்தில் இருந்த நிரலை எடுத்துத் தனியே கிளைத்தார்கள். லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் 'ஓப்பன்டோஃபு' பிறந்தது. ஹாஷிகார்ப்பை 640 கோடி டாலருக்கு வாங்குவதாக 2024-ல் அறிவித்த ஐபிஎம், 2025 பிப்ரவரியில் வாங்கி முடித்தது. பெயரும் உரிமமும் பிரிந்தாலும் இரண்டு கருவிகளிலும் 'பிளான்', 'அப்ளை' என்ற சொற்கள் அப்படியே இருக்கின்றன.

இன்று பல நிறுவனங்களில் 'அப்ளை'யை மனிதர் தட்டுவதே இல்லை. மாற்றத்தைக் கோப்பில் எழுதுகிறார்கள், சக ஊழியர் படித்து ஒப்புதல் தருகிறார், மீதியைத் தானியங்கி பார்த்துக்கொள்கிறது. அந்த இடத்தில் கேள்வி கேட்காமல் செய்யச் சொல்லும் 'ஆட்டோ அப்ரூவ்' என்ற வசதியும் இருக்கிறது. ஒப்புதல் தருபவர் திட்டத்தை உண்மையிலேயே படித்திருந்தால் அது பாதுகாப்பானது. முந்நூறு வரித் திட்டத்தை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுத் தலையாட்டினால், 2017-க்கு முந்தைய நிலைக்கே திரும்பிவிட்டோம் என்று பொருள்.

திட்டத்தின் கடைசி வரியில் மூன்று எண்கள் வரும். எத்தனை உருவாகும், எத்தனை மாறும், எத்தனை அழியும். அந்த மூன்றாவது எண் பூஜ்ஜியமா, இல்லையென்றால் ஏன் இல்லை என்று பார்ப்பதை மட்டும் இத்தனை ஆண்டுகளில் எந்தக் கட்டளையும் மனிதரிடமிருந்து வாங்கிக்கொள்ளவில்லை.